கோட்டை இல்லாத அகழி

நகராட்சி அலுவலகத்தின் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தவரை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிட்டார்கள். அகராதி என்றால் சொல்லுக்குப் பொருள் சொல்லும் புத்தகம். வாய்க்கொழுப்பு என்றும் ஒரு பொருள் உண்டு. அலுவலகத்தில் முதல் பொருளிலும் வீட்டில் இரண்டாவது பொருளிலும் அந்தப் பெயர் புழங்கியது. அவர் இரண்டையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

யாராவது தலைவலியில் உயிர் போகிறது என்று சொன்னால், உயிர் போனால் வலி தெரியாது என்பார். ஒரு தடவை பக்கத்துத் தெருவில் ஒரு குடிசை பற்றிக்கொண்டது. எல்லோரும் வாளியோடு ஓடினார்கள். இவர் மட்டும் அருகில் நின்று, இதை நெருப்பு என்பதா தீ என்பதா என்று விளக்கிக்கொண்டிருந்ததில் இடது பக்க மீசை கருகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் கம்மிதான். நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட மனிதரோடு அவருடைய மனைவி இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தினாள். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். அவர் பேசும்போது மெஷினை வேகமாக மிதிப்பாள். அதனால்தான் அந்தத் தெருவில் சீருடைகள் எப்போதும் சொன்ன தேதிக்கு முன்னாலேயே கிடைத்தன.

அந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் போட வந்தார்கள். வந்த ஆட்களுக்கு மேஸ்திரி வேறு யாருமில்லை, அகராதியின் மச்சினன், மனைவியின் தம்பி. எதிர்வீட்டிலேயே குடியிருந்தவன். திங்கட்கிழமை காலையில் தொடங்கி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆள் இடுப்பளவுக்கு நேராக வெட்டி, செவ்வாய்க்கிழமை மாலைக்குள் குழாயையும் இறக்கிவிட்டான். இனி மண்ணைத் தள்ளி மூட வேண்டியதுதான் பாக்கி. மூடுவதற்கு ஒரு படிவம் உண்டு. ‘மூடப்படுவது யாது?’ என்று அதில் ஒரு வரி. பூர்த்தி செய்து கையெழுத்துப் போட வேண்டியவர் அகராதி.

மச்சினன் படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

"பள்ளம்னு போட்டுக் குடுங்க மாமா. இருட்டறதுக்குள்ள மூடிட்டுப் போயிடறோம்."

அகராதி பேனா மூடியைக் கழற்றினார். பிறகு மறுபடியும் மாட்டினார். இது நல்ல அறிகுறி இல்லை என்று தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்தவளுக்குத் தெரியும்.

"பள்ளம்ங்கறது தானா ஆனது. மழை பேஞ்சா ஆகும், எருமை படுத்தா ஆகும். நீ ரெண்டு நாளா ஆள் வெச்சு வெட்டினதைப் பள்ளம்னு எழுதினா, நீ வேலையே பாக்கலைன்னு அர்த்தம்."

"சரி, குழின்னு போடுங்க."

"குழின்னா வட்டமா இருக்கணும்."

"வாய்க்கால்?"

"தண்ணி ஓடணும்."

"அதான் பைப்புல ஓடுதே மாமா."

"அப்ப பைப்புதான் வாய்க்கால். அது கெடக்கற எடத்துக்கு என்ன பேரு? அகழ்ந்தா அது அகழி."

"நீங்க என்னன்னு போட்டாலும் எனக்கு மண்ணு ஒண்ணுதான்," என்றான் மச்சினன். அகராதி மணிமணியான எழுத்தில் ‘அகழி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். உள்ளே மெஷின் ஓடிய வேகத்தில் ஒரு காற்சட்டைக்கு மூன்று கால் வந்துவிட்டது.

இதில் அகராதி அறியாத ஒரு சங்கதி இருந்தது. பள்ளம் என்று எழுதிய படிவம் அலுவலகத்தில் மேசை மாறாமல் அன்றே முத்திரை வாங்கிவிடும். அகழி என்ற சொல் வந்தால் மட்டும் அது தொல்பொருள் துறைக்குப் போக வேண்டும், அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை ஒரு கூடை மண்கூடத் தள்ளக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ விதி போட்டு வைத்திருந்தார்கள். படிவம் போயிற்று. வெட்டியது வெட்டியபடி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. புதன்கிழமை மழையும் பெய்தது.

வியாழக்கிழமை காலையில் அகராதியின் மனைவி தைத்த சீருடைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் போட்டிருந்த பலகையில் கால் வைத்தாள். பலகை ஈரத்தில் ஊறியிருந்தது, படக்கென்று முறிந்தது. அவளும் பன்னிரண்டு சீருடைகளும் ஒன்றாக உள்ளே போனார்கள். தலைமுதல் கால்வரை சேற்றோடு எழுந்து நின்று அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க. பள்ளத்துல விழுந்துட்டேன்."

அகராதி வாசலுக்கு வந்தார். பார்த்தார். கை நீட்டத்தான் வந்தார் என்பதை அவருக்காக நான் சத்தியம் செய்யத் தயார். ஆனால் கையைவிட அவருக்கு வாய் வேகம்.

"பள்ளத்துல இல்ல. அகழியில."

சேற்றில் மிதந்த ஒரு சட்டைக்குள்ளிருந்து ஒரு காற்றுக்குமிழி வந்து உடைந்தது. அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். திரும்பினாள். எதிர்ப்பக்கம் கையூன்றி ஏறினாள். தம்பி வீட்டு வாசலில் நின்று புடவையைப் பிழிந்தபடியே சொன்னாள்:

"நான் விழுந்தது பள்ளம். அதை நீங்க மூடி, அதுக்கு மேல நடந்து வந்து, பள்ளம்னு உங்க வாயால சொல்லிக் கூப்பிட்டாத்தான் நான் அந்த வீட்டுக்கு வருவேன்."

தெருக்கோடிவரை போய்ச் சுற்றி வந்தால் நான்கு நிமிடம். அவள் வரவில்லை, கோபித்துக்கொண்டு போன பெண் சுற்றிக்கொண்டு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவரும் போகவில்லை. போய் என்ன சொல்வது? சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அது அவருக்கு மீன்முள் மாதிரி குறுக்கே நின்றது.

தையல் மெஷின் சத்தம் இல்லாத வீட்டில் அகராதிக்குத் தன் குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது. ஊக்கு குத்திக்கொண்டார். எதிர்வீட்டு ஜன்னலில் அவள் தலை துவட்டுவதும், தம்பி மனைவியோடு எதற்கோ சிரிப்பதும் தெரிந்தது. என்ன சிரிப்பு என்று கேட்க முடியாத தூரம். தூரம் என்னவோ பதினைந்து அடிதான்.

வெள்ளிக்கிழமை தொல்பொருள் துறை அதிகாரி வந்தார். தூசி தட்டும் சின்னத் தூரிகை ஒன்றைக் காதில் செருகியிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இரு பக்கமும் திரும்பினார்.

"கோட்டை எங்க?"

"கோட்டை இல்லைங்க," என்றான் மச்சினன்.

"கோட்டை இல்லாம அகழி எதுக்கு வெட்டினாங்க?"

"பைப்பு போடறதுக்குங்க."

"எந்த ராஜா?"

"ராஜா இல்லைங்க. நான்தான்."

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். "முதலை விட்டிருந்தாங்களா?"

"இல்லைங்க. எங்க அக்கா மட்டும் ஒரு தடவை விழுந்தாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே நின்றவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கோட்டை என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும் என்றார். பிறகு தூரிகையால் ஒரு மணி நேரம் சேற்றைத் தட்டினார். கிடைத்தது இரண்டு பொத்தான். இரண்டும் சீருடைப் பொத்தான், வயது ஒரு நாள். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

இதற்கிடையில் பக்கத்துவீட்டு ஓய்வுபெற்ற படைவீரர் ஒரு மடக்கு நாற்காலியோடு உள்ளே இறங்கி, செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துகொண்டார். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு நிம்மதியான இடம் தனக்குக் கிடைக்கவில்லை என்றார். ஒரே ஒரு குறை. பதுங்குகுழி என்றால் நேராக வெட்டியிருக்கக் கூடாது, வளைத்து வளைத்து வெட்டியிருக்க வேண்டும். "எதிரி எந்தப் பக்கம்?" என்று அவர் கேட்டபோது தெருவில் நின்ற அத்தனை பேரும் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்காமலிருக்க மிகவும் சிரமப்பட்டார்கள். அகராதி முடியாமல் பார்த்தேவிட்டார். ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

தொல்பொருள் அதிகாரி அறிக்கையை அங்கேயே நின்று எழுதினார். நிலத்தில் கோட்டை இல்லாமல் அகழி கிடையாது. ஆனால் நகராட்சியே அகழி என்று கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறது. அரசாங்கக் கையெழுத்து பொய் சொல்லாது. கோட்டையே இல்லாத அகழி உலகத்தில் ஒரே இடத்தில்தான் உண்டு, அது கடலுக்கு அடியில். ஆகவே இது கடல் அகழி.

"சார், கடல் இங்கேர்ந்து ஒரு பகல் பிரயாணம்," என்றான் மச்சினன்.

"அதை அவங்க பாத்துக்குவாங்க," என்று சொல்லி, கோப்பைக் கடலாய்வுத் துறைக்கு அனுப்பிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று மாலை மச்சினன் தெருவின் அந்தக் கரையில் குந்தி உட்கார்ந்தான். அகராதி இந்தக் கரையில் உட்கார்ந்தார். நடுவில் படைவீரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, பேசாம அகழியை அடிச்சிட்டுப் பள்ளம்னு எழுதிடுங்களேன். அக்கா நேத்து ராத்திரி சரியாச் சாப்பிடல."

அகராதி விளிம்புவரை நகர்ந்து வந்தார். "சாப்பிடலையா, இல்ல சரியாச் சாப்பிடலையா?"

மச்சினன் எழுந்து உள்ளே போனான்.

திங்கட்கிழமை கடலாய்வுத் துறை வந்து இறங்கியது. லாரியில் ஒரு பெரிய இரும்பு உருளை, அதில் சுற்றிய கம்பி, கம்பியின் நுனியில் ஆட்டுக்குட்டி அளவு ஈயக்குண்டு. தலைவரும் நான்கு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். தலைவர் கரையில் மண்டியிட்டு, சேற்றுத் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு கம்மி," என்று சொல்லி, நன்னீர்க் கடல் என்று எழுதிக்கொண்டார். படைவீரரிடம், கடலுக்குள் நாற்காலி போடக் கூடாது என்று மரியாதையாகச் சொல்லி வெளியே எடுத்தார்கள்.

அகராதி வீட்டு வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் சரியாக நடுவில் குண்டை இறக்கினார்கள். சளக்கென்று சேற்றில் உட்கார்ந்தது. தலைவர் கருவியின் முள்ளைப் பார்த்தார்.

"ஆறாயிரம் மீட்டர்."

மச்சினன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே குதித்தான். தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"சார், நல்லாப் பாருங்க. நான் நிக்கிறேன்."

"நீங்க நிக்கிறது அகழியோட ஓரமா இருக்கும். அடி எங்க இருக்குன்னு உங்க காலுக்குத் தெரியாது."

"குண்டு என் கால்மேலதான் சார் இருக்கு."

"முள்ளு ஆறாயிரம் காட்டுதே."

"லாரியில இருந்தப்பவே அது ஆறாயிரம்தான் காட்டுச்சு, நான் பாத்தேன்."

தலைவர் பொறுமையானவர். விளக்கினார். கடலில் ஆறாயிரம் மீட்டருக்குக் கீழே போனால்தான் துறையில் அதை அகழி என்று ஒப்புக்கொள்வார்கள். ஆகவே அகழி அளக்கும் கருவியில் முள்ளே ஆறாயிரத்திலிருந்துதான் தொடங்கும். அதற்குக் குறைந்த ஆழத்தை அளக்க வேறு துறை இருக்கிறது.

"இன்னொண்ணும் சொல்றேன். அந்த ஆழத்துல தண்ணியோட பாரம் தாங்காம மனுஷன் நசுங்கிப் போயிடுவான்."

"நான் நசுங்கலையே சார்."

"அறிக்கைப்படி நசுங்கியாச்சு. மேல வாங்க."

மூடுவதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அளந்த ஆழத்துக்கு, அளந்த இடத்தில் மண் கொட்ட வேண்டும் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நகராட்சியில் ஒருவர் ஆறாயிரம் மீட்டரை அகலத்தாலும் நீளத்தாலும் பெருக்கி எத்தனை லாரி என்று சொன்னார். சொல்லிவிட்டு அவரே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் லாரி வந்து கொட்டியது. பாதி லாரியிலேயே வெட்டிய இடம் நிரம்பி, தெரு சமமாகிவிட்டது. அகராதி வாசலில் நின்று பார்த்தார். சமமான தெரு, எதிரே திறந்த ஜன்னல், அதில் அவள். இப்போது நடந்து போய்விடலாம். காலை எடுத்தும் வைத்தார். வைத்த கால் நின்றது. போனால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமே. ‘நேற்றுவரை பள்ளம் என்று வழங்கப்பட்ட அகழி’ என்று சொல்லிப் பார்க்கலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது லாரியின் மீதிப் பாதியும் சரிந்து கொட்டி, ஜன்னலை அவள் தோள்வரை மறைத்தது.

அடுத்த லாரியில் அவள் நெற்றியும் போயிற்று.

ஓட்டுநர்களிடம் அகராதி கெஞ்சினார். அவர்கள் சீட்டைக் காட்டினார்கள். சீட்டில் இருக்கும் மண்ணைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. லாரிகள் தெருக்கோடி தாண்டி, சந்தை தாண்டி வரிசையில் நின்றன. மதியத்துக்குள் மண் ஓட்டுக்கூரை உயரம் வந்தது. மறுநாள் மின்கம்பத்தின் தலை மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் காகங்கள் மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு பறக்கத் தொடங்கின. உச்சியில் மேகம் ஒன்று வந்து தட்டி நின்றதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. அது மேகம் இல்லை, லாரிப் புகைதான். ஆனால் அகராதி வீட்டுக்குக் காலை வெயில் பதினொரு மணிக்குத்தான் வந்தது என்பது உண்மை.

இத்தனை நாளும் கோபமாகவாவது ஒரு முகம் எதிரில் இருந்தது. இப்போது வாசலைத் திறந்தால் மண். அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அலுவலகத்துக்கு ஓடினார். மேலாளர் அறையில் தட்டாமல் நுழைந்து, புதுப் படிவம் ஒன்றை எடுத்து, அத்தனை பேர் பார்க்க எழுதினார்: பள்ளம்.

மேலாளர் படிவத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பள்ளம் எங்கய்யா இருக்கு?"

"எங்க தெருவுல சார்."

"உங்க தெருவுல இருக்கறது மேடு. இல்லாத பள்ளத்துக்கு நான் எப்படி முத்திரை குத்தறது? அகராதி, நீங்களே இப்படி எழுதலாமா?"

அகராதிக்குப் பதில் வரவில்லை. இது அந்த அலுவலகத்தில் அதுவரை நடக்காத ஒன்று என்பதால் இரண்டு குமாஸ்தாக்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மேலாளருக்கும் மனம் கேட்கவில்லை. ஆறாயிரம் மீட்டரும் நிரம்பியாயிற்று என்று ஒரு சீட்டு எழுதி மீதி லாரிகளை நிறுத்துவதாகச் சொன்னார். கொட்டியதை எடுக்க மட்டும் தன்னால் முடியாது, மலைக்கு வேறு துறை.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தார். ஏறத் தொடங்கினார்.

புது மண். இரண்டு அடி ஏறினால் ஒன்றரை அடி சறுக்கியது. மூன்றாவது சறுக்கலில் ஊக்கு கழன்று சட்டை திறந்துகொண்டது. மண்ணுக்கு வெளியே நீட்டியிருந்த மின்கம்பத்தின் தலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். கீழே படைவீரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது பக்கம், வலது பக்கம் என்று உத்தரவு கொடுத்தார், இரண்டும் தப்பு. கடைசி நாலடியை அகராதி வயிற்றால் கடந்து, உச்சியில் தலையை நீட்டினார்.

அங்கே அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சீருடைச் சட்டை, கையில் ஊசி.

"நீ எப்ப வந்தே?" என்றார், வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு.

"காலையில. கீழேர்ந்து பாத்தா நம்ம வீடே தெரியல. கொடியில துணி எடுத்தீங்களா இல்லையான்னு பாக்க வந்தேன். எடுக்கல. நாலு நாளா அதே துண்டு தொங்குது."

அகராதி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய மார்பு ஏறி இறங்கியது. அவள் ஊசியில் நூல் கோத்து, அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பொத்தான் தைக்கத் தொடங்கினாள். அசையாதீங்க என்று வேறு சொன்னாள்.

"நான் எதுல விழுந்தேன்?"

"பள்ளத்துல," என்றார்.

ஊசி நின்றது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு முகத்தில் இவ்வளவு மண் இருக்கும்போது பொய் இருக்க இடமில்லை.

"எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதிட்டேன். மேலாளர் வாங்க மாட்டேங்கறார். பள்ளமே இல்லையாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அது உச்சியிலிருந்து உருண்டு இரண்டு பக்கத்து வாசலிலும் விழுந்தது. அந்தப் பக்கம் மச்சினன் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தான். இந்தப் பக்கம் படைவீரர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைச் சீருடையில் குத்தி, சீருடையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். தம்பி வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். தன் வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். அகராதி புதுப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் பக்கமே எறங்கறேன்," என்றாள், வீட்டைக் காட்டி. "உங்களுக்காக ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கம் சாய்வு கொஞ்சம் லேசா இருக்கு."

சாய்வு என்பது பலகைக்கும் கூரைக்கும் உரியது. மண்மேட்டுக்குச் சரிவு என்றுதான் சொல்ல வேண்டும். இது அகராதியின் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்தார். அது திரும்பித் தொண்டைக்குப் போய் அங்கே குறுக்காக உட்கார்ந்துகொண்டது. கண்ணில் நீர் முட்ட இரண்டு முறை இருமினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல," என்றார் அவர், எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "தூசி."